சிரிப்பில் ஈறு தெரிந்தால் குறையா?

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள வேணுகோபாலன் சன்னிதியின் வெளிச்சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் வீணை மீட்டுகிறாள். ஒருத்தி கிளியை ஏந்தி நிற்கிறாள். இன்னொருத்தி கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். அவர்கள் முகத்தில் புன்னகை உண்டு. ஆனால் உதடுகள் மூடியே இருக்கின்றன. அதே கோயிலின் சேஷராயர் மண்டபத்தில் முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளோ வாயைப் பிளந்து நிற்கின்றன. கோயிற் சிற்பங்களில் பொதுவாகப் பல் வெளியே தெரிவது சீற்றத்தின் அடையாளம். நம் பேச்சு வழக்கிலும் 'பல்லிளித்தல்', 'பல்லைக் காட்டுதல்' என்பவை பாராட்டுச் சொற்கள் அல்லவே!

இன்று திருச்சிராப்பள்ளியில் திருமணத்துக்கு முன் பல் மருத்துவரிடம் செல்லும் இளைஞர் சிலர், "சிரித்தால் ஈறு அதிகமாகத் தெரிகிறது, சரிசெய்ய முடியுமா?" என்று கேட்கின்றனர். மூடிய உதட்டின் புன்னகையிலிருந்து இந்தக் கேள்விக்கு நாம் வந்து சேர்ந்தது எப்படி?

பழைய நூலும் புதிய ஓவியமும்

சுசுருத சம்ஹிதை வாய் நோய்களை அறுபத்தைந்தாக வகுக்கிறது. அவற்றுள் பல்லுக்கு உரியவை 8. ஈற்றுக்கு உரியவை 15. இரத்தக் கசிவு, சீழ், வீக்கம் ஆகியவை அப்பட்டியலில் உண்டு. சிரிக்கும்போது ஈறு தெரிவது அதில் இல்லை.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 1728இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென விரிவான நூல் எழுதி, அதைத் தனித்துறையாக நிலைநிறுத்த வழிசெய்தார். 1787இல் விஜே லெ புருன் என்ற பெண் ஓவியர், தம் மகளுடன் இருக்கும் தம் உருவத்தைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அந்த ஓவியத்தில் அவர் உதடு திறந்து, வெண்பற்கள் தெரியச் சிரித்தார். கண்ணியமானவர்கள் செய்யத் தகாதது என்று அதைக் குறைகூறினர்.

பின்னர் நிழற்படம், திரைப்படம், பற்பசை விளம்பரம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பல் தெரியும் சிரிப்பு அழகின் அளவுகோல் ஆயிற்று. பல் வெளியே வந்தால் அதன் வேலியாகிய ஈறும் கண்ணில் படத்தானே செய்யும்?

கத்தியும் அளவுகோலும்

ஈற்றை வெட்டும் சிகிச்சை அழகுக்காகப் பிறந்ததன்று. 1884இல் ராபிசெக் என்பவர், நோயுற்ற ஈற்றைக் கோடிட்டாற்போல் வெட்டி அகற்றும் முறையை விவரித்தார். சீழ் வடியும் ஈற்று நோயைப் போக்குவதே அதன் நோக்கம். அக்கத்தி அழகுக்கும் பயன்படத் தொடங்கியபோது ஒரு கேள்வி எழுந்தது: எவ்வளவு வெட்டலாம்?

1961இல் கார்ஜியுலோ, வென்ட்ஸ், ஆர்பன் ஆகிய மூவர் மனிதத் தாடைகளை ஆராய்ந்து விடை தந்தனர். ஈற்றின் மேற்படலம் பல்லோடு ஒட்டியிருக்கும் பகுதி சராசரி 0.97 மி.மீ.; அதற்கடுத்து இணைப்புத் திசு ஒட்டியிருக்கும் பகுதி 1.07 மி.மீ. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2 மி.மீ. இது எலும்புக்கும் வாயிலுள்ள கிருமிகளுக்கும் இடையே நிற்கும் காப்பு வளையம். இதை வெட்டிக் குறைத்தால் ஈறு ஓயாமல் வீங்கும், அல்லது மறுபடி வளர்ந்து பழைய இடத்துக்கே வரும். ஆகவே, இந்த இடைவெளி மிஞ்சாது எனில், எலும்பின் விளிம்பையும் சற்றுச் செதுக்க வேண்டியிருக்கிறது.

காரணங்களும் பல. பல் முளைத்த பின் மேலேற வேண்டிய ஈறு ஏறாமல் பல்லை மூடி நிற்கலாம். மேல்தாடை எலும்பே நீண்டிருக்கலாம். மேலுதடு குட்டையாக இருக்கலாம், அல்லது அதைத் தூக்கும் தசைகள் மிகையாக இயங்கலாம். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் மருந்தாலும் ஈறு தடிக்கும். அம்மருந்து வழக்கிற்கு வந்த மறு ஆண்டே, 1939இல், கிம்பால் இதை எடுத்துரைத்தார். நீண்ட தாடை உடையவரின் ஈற்றை மட்டும் வெட்டினால் என்ன பயன்? கூரை தாழ்ந்திருக்க, வாசற்படியைச் செதுக்கிய கதைதான்! அதற்குத் தாடை எலும்பையே மேலே நகர்த்தும் பெரிய அறுவை தேவைப்படும். உதடு மிக உயர்பவர்களுக்கு அதைத் தாழ்த்தித் தைக்கும் முறையை 1973இல் அர்ஜென்டினாவில் விவரித்தனர். 2005இல் மரியோ போலோ, தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியைப் பயன்படுத்திக் காட்டினார். அதன் பயன் சில மாதங்களே நிலைக்கும்.

சுருட்டு மறைக்கும் நோய்

அழகுச் சிகிச்சைக்கு முன் ஈறு நலமாக உள்ளதா என்று பார்ப்பது முதற்கடமை. இங்கே திருச்சிக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. உறையூரில் சுற்றிய திருச்சிச் சுருட்டு இங்கிலாந்து வரை புகழ் பெற்றது. ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றும் முதற்கதையிலேயே (1887) அதன் சாம்பல் ஒரு துப்பு ஆகிறது. புகையிலைக்கோ ஒரு வஞ்சகம் உண்டு. அது ஈற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், நோயுற்ற ஈற்றிலும் இரத்தம் கசிவது குறைகிறது. நோய் உள்ளே முற்றும்போது வெளியே அமைதி தெரிகிறது. புகைப்பவருக்கு அறுவைப் புண் ஆறுவதும் தாமதமாகும்.

புகையிலை ஈற்றைக் கருக்கவும் செய்யும். ஆனால் கருத்த ஈறெல்லாம் புகையிலையின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஈற்றிலும் உண்டு. நம்மில் பலருக்கு ஈறு கருமை கலந்திருப்பது இயற்கை, அது நோயன்று. அதைச் சுரண்டியோ லேசர் கதிரால் நீக்கியோ இளஞ்சிவப்பாக்கும் சிகிச்சை இன்று பரவி வருகிறது. நீக்கிய நிறம் பலருக்குக் காலப்போக்கில் திரும்பி வருவதும் உண்டு.

எத்தனை மில்லிமீட்டர் குறை?

அமெரிக்காவில் கோக்கிச் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சிந்திக்கத் தக்கது. புன்னகைப் படங்களைச் சிறிது சிறிதாக மாற்றிப் பலரிடம் காட்டினர். பல் சீரமைப்பு வல்லுநர்கள், ஈறு 2 மி.மீ. தெரிந்தபோதே அழகு குன்றியது என்றனர். பொதுப் பல் மருத்துவர்களுக்கும் மற்ற மக்களுக்கும் 4 மி.மீ. தெரிந்த பின்னரே அது குறையாகப் பட்டது. வல்லுநரின் கண் இரு மடங்கு கூர்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணோடு நாம் கண்ணாடி பார்க்க வேண்டுமா? வயது ஏற ஏற மேலுதடு தாழ்ந்து, ஈறு தெரிவது தானே குறைவதும் உண்டு. வெட்டிய ஈறும் செதுக்கிய எலும்புமோ அப்படியே திரும்ப வருவன அல்ல.

சிரிக்கக் கூசி வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் ஒருவருக்கு இச்சிகிச்சை பெரிய விடுதலை என்பதை மறுக்க முடியாது. அவர் கேட்க வேண்டியவை மூன்று: என் ஈறு தெரியக் காரணம் என்ன? ஈறு நோயின்றி உள்ளதா? காப்பு வளையம் மிஞ்சுமா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே கத்தி. இது குறை என்று பிறர் சொன்னதால் மட்டும் வந்தவருக்கோ, வீடு திரும்பி வாய்விட்டுச் சிரிப்பதே தக்க மருந்து.