கட்டாயப் படைச்சேவையும் நமது குடியரசும்

இளைஞர் யாவரும் சில காலமேனும் படைப் பயிற்சி பெற்றே தீரவேண்டும் என்ற குரல் நம் நாட்டில் அவ்வப்போது எழுவதுண்டு. அதனால் கட்டுப்பாடு வளரும், ஒற்றுமை ஓங்கும் என்பர் ஒரு சாரார். மனமொப்பாதவன் கையில் கொடுத்த துப்பாக்கியால் எவருக்கும் பயனில்லை என்பர் மறு சாரார். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுமுன், வரலாற்றின் சாட்சியத்தை நாம் கேட்பது நலம்.

அந்நிய ஆட்சியில், 1917-ஆம் ஆண்டு, இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் பிறந்தது. அதன் கட்டாயம் இங்கு வாழ்ந்த ஐரோப்பியப் பிரிட்டிஷ் பிரஜைகளையே பிணித்தது. இந்தியர் விரும்பினால் மட்டும் சேரலாம். இரண்டாம் உலகப் போரில் நம்மவர் சுமார் 25 லட்சம் பேர் படையில் சேர்ந்ததும் கட்டாயத்தினால் அன்று. வறுமை பலரை உந்தியிருக்கலாம். சட்டம் அவர்களை இழுக்கவில்லை.

1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டம் இதனை எவ்வாறு நோக்கிற்று? அதன் 23-ஆவது ஷரத்து மனிதரை வாணிபப் பொருளாக்குவதையும், கூலியின்றி வாங்கும் வெட்டி வேலையையும் தடுக்கிறது. அதே ஷரத்து, பொதுக் காரியங்களுக்காகக் கட்டாயச் சேவையை விதிக்க அரசுக்கு இடமும் தருகிறது. ஆனால் மதம், இனம், சாதி, வகுப்பு என்ற காரணங்களால் மட்டும் அதில் வேற்றுமை காட்டலாகாது என்று நிபந்தனையும் இடுகிறது.

இந்த அதிகாரம் கையில் இருந்தும் குடியரசு அதனை எளிதில் எடுத்தாளவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தேசிய மாணவர் படை, விரும்பிச் சேர்வோருக்கே உரியதாயிருந்தது. 1959-இல் திரு. சி. டி. தேஷ்முக் தலைமையில் நியமிக்கப்பெற்ற குழு, உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரி புகுவோர் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசிய சேவை புரிய வேண்டும் என்று சிபாரிசு செய்தது. படைப் பயிற்சியோடு சமூகத் தொண்டும் உடலுழைப்பும் அதில் அடங்கியிருந்தன. பெருஞ்செலவையும் நடைமுறைத் தொல்லைகளையும் எண்ணி அரசு அதனை ஏற்கவில்லை.

1962-ஆம் ஆண்டுச் சீனப் போர் நாட்டின் மனத்தை மாற்றிற்று. மறு ஆண்டே கல்லூரி மாணாக்கருக்கு மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாயிற்று. எனினும் அக்கட்டாயம் 1968-க்கு மேல் நிலைக்கவில்லை. 1969 செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணாக்கருடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. தொண்டு செய்ய விழையும் மாணாக்கருக்கு வேறொரு வாயில் திறந்தது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. தேஷ்முக் குழுவின் யோசனையாயினும், 1963-ஆம் ஆண்டின் கட்டாயமாயினும், அவை கல்லூரி வாயிலை மிதித்தவரை மட்டுமே அழைத்தன. வயலிலும் ஆலையிலும் உழைத்த பெருந்தொகையான இளைஞர் அவ்வழைப்புக்கு வெளியே நின்றனர். ‘இளைஞர் அனைவரும்’ என்று நாம் பேசினோம். அனைவரையும் பயிற்றும் ஏற்பாட்டை ஒருபோதும் செய்யவில்லை.

நாளை இக்கேள்வி மீண்டும் எழலாம். அப்போது 23-ஆவது ஷரத்தின் இரு பகுதிகளையும் நாம் சேர்த்தே படிக்கவேண்டும். செல்வர் மகனும் கூலியாள் மகனும் ஒரே வரிசையில் நின்று, பயனுள்ள பயிற்சியைப் பெறுவார்களாயின் அதற்குச் சேவை என்று பெயர். ஒருவன் விலக்குப் பெற, மற்றவன் மட்டும் அணிவகுத்து நிற்பானாயின், அதே ஷரத்து தடுத்த வெட்டி வேலைக்கு நாம் சீருடை அணிவித்தவர்களாவோம்.