எந்தத் தோலுக்கு விஞ்ஞானம்?

பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளின் கதையை வெறும் ரசாயனத்தின் கதையாக எழுதிவிடுவது சுலபம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாரக்கணக்கில் செய்த வேலையை, சுழலும் டிரம்முக்குள் குரோமிய உப்பு ஒரே நாளில் முடித்துவிடுகிறது. (பட்டைக் காலம் ஒன்றும் பொற்காலமல்ல. சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும்.) 1973இல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுசாகப் பதனிட்டும் செருப்பாக்கியும் அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் குரோம் பெருகியது.

எனக்கு உறுத்துவது வேறு. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்த்த பென்டாகுளோரோபினாலை 1989இல் ஜெர்மனி தடை செய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் சரக்கு விற்காது. இங்கே விஞ்ஞானம் ஓடி உழைத்தது. பரிசோதனை வந்தது, மாற்று மருந்து வந்தது. ஐரோப்பியப் பாதத்தின் தோலுக்காக இவ்வளவும் முடிந்தது. 'கெணத்துத் தண்ணி உப்பாப் போச்சு, நெலம் செத்துப் போச்சு' என்ற குரலுக்கோ நிரூபணம் கேட்டார்கள். 1991இல் வழக்கு. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ் என்ற கணக்கு உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பு. ஷாப்புக்கு 10,000 ரூபாய் அபராதம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. தண்ணீரிலிருந்து பிரித்த விஷம் சேறாகக் குவிந்தது. 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் சேற்றுத்தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிய 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்றும் உச்சநீதிமன்றம் இதே பாலாற்றுக்காக நஷ்டஈடு உத்தரவு எழுதிக்கொண்டிருந்தது.