ஆட்டக் களமும் ஆட்சி மன்றமும்



மரக்காணத்து உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் எல்லோரும் கண்டிருப்பர். கோடையில் பாத்தி பாத்தியாக வெண்மை பூத்துக் கிடக்கும் அந்நிலத்தின் ஓரத்தில், மாலை வேளைகளில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதும் வழக்கமான காட்சியே. அப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஓர் ஆண்டு பள்ளி அணிக்குப் பதினொருவர் பெயரை எழுதிப் பலகையில் ஒட்டினேன். உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் என் அறைக்கு வந்தான். நன்றாகப் பந்து வீசுபவன். “ஐயா, என்னை ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்டான். “முடிவு செய்தாகிவிட்டது, போய்ப் படி” என்று அனுப்பிவிட்டேன். அவன் தலை குனிந்து சென்றான். அன்று என்னிடம் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை என்பதுதான் உண்மை. காரணம் இல்லாதபோது அதிகாரம் குரலை உயர்த்துகிறது என்பதைப் பின்னர் வரலாற்றைப் படித்தபோது உணர்ந்தேன். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உப்பு விளைவது வாருபவன் கையில் மட்டும் இல்லை. உவர்நீரைப் பாத்திக்குள் எப்பொழுது விடுவது, எவ்வளவு விடுவது என்று முடிவு செய்பவன் தவறினால், வாருபவன் எத்தனை வல்லவனாயினும் பயன் இல்லை. விளையாட்டும் அத்தகையதே. களத்தில் ஆடுவோரை நாம் காண்கிறோம். அவரைத் தேர்ந்தெடுப்போரும் தலைவரை நியமிப்போரும் பணத்தை ஆள்வோரும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அணி தோற்கும்போது ரசிகன் யாரைக் கேட்பது? அவனுக்குக் கேட்கும் உரிமைதான் உண்டா?

இந்திய கிரிக்கெட்டின் தொடக்க காலத்திலேயே இக்கேள்வி எழுந்துவிட்டது. 1932இல் இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் போட்டிக்குத் தலைமை தாங்கியவர் சி. கே. நாயுடு. 1936இல் அணி மீண்டும் இங்கிலாந்து சென்றபோது நாயுடு அணியில் இருந்தார். தலைமையோ விஜயநகரம் மகாராஜகுமாரரிடம் இருந்தது. அவருக்குச் செல்வமும் செல்வாக்கும் மிகுதி, ஆட்டத்திறன் குறைவு. மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்த ஓட்டங்கள் 33 மட்டுமே. அத்தொடரை இந்தியா இழந்தது. அதனினும் பெரிய இழப்பு, முதல் டெஸ்டுக்கு முன்பே லாலா அமர்நாத் ஒழுங்கு தவறினார் என்று கூறி அவரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியதாகும். நாடே கொதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் பியூமாண்ட் தலைமையில் அமைந்த குழு 1937இல் அமர்நாத் மீதிருந்த களங்கத்தை நீக்கியது. தலைமையின் குறைகளையும் சுட்டியது. ஆனால் சென்ற தொடர் திரும்பி வருமா?

நம் சென்னையே கண்ட நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1958–59ஆம் ஆண்டுப் பருவத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் அணி இந்தியாவுக்கு வந்தது. பம்பாய் டெஸ்டில் இந்திய அணிக்குத் தலைவர் பாலி உம்ரிகர். கான்பூரிலும் கல்கத்தாவிலும் குலாம் அகமது. கல்கத்தாவில் ரோகன் கன்ஹாய் 256 ஓட்டங்கள் குவிக்க, இந்தியா ஓர் இன்னிங்ஸும் 336 ஓட்டங்களும் பின்தங்கித் தோற்றது. குலாம் அகமது விலகினார். நான்காவது டெஸ்ட் 1959 ஜனவரி 21ஆம் நாள் சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கில் தொடங்க இருந்தது. தலைமை மீண்டும் உம்ரிகரிடம் வந்தது. காயமுற்ற விஜய் மஞ்ச்ரேக்கருக்குப் பதிலாக யாரை ஆடவைப்பது என்பதில் தலைவருக்கும் வாரியத்தின் மேலிடத்துக்கும் கருத்து வேறுபட்டது. தாம் வேண்டிய மட்டையாளரைத் தர மறுத்துத் தம் கையைக் கட்டுகின்றனர் என்று கருதிய உம்ரிகர், ஆட்டத்துக்கு முந்திய நாள் தலைமையைத் துறந்தார். மறுநாள் காலையில் அணியை நடத்திச் சென்றவர் வினூ மன்கட்.

அன்று அரங்கில் அமர்ந்திருந்த சென்னை ரசிகனின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். சீட்டுக்காகக் காசு சேர்த்து, விடியுமுன் வரிசையில் நின்று உள்ளே நுழைந்தவன் அவன். தன் அணிக்குத் தலைவர் யார் என்பதே முந்திய இரவுவரை உறுதிப்படவில்லை. மாறியது ஏன் என்பதையும் எவரும் அவனுக்கு முறையாகச் சொல்லவில்லை. இந்தியா 295 ஓட்ட வேறுபாட்டில் தோற்றது. தில்லியில் நடந்த ஐந்தாவது டெஸ்டுக்கு ஹேமு அதிகாரி தலைவரானார். ஒரே தொடரில் நான்கு தலைவர்கள்! அதே ஆண்டில் இங்கிலாந்துக்கு டி. கே. கெய்க்வாட் தலைமையில் சென்ற அணி ஐந்து டெஸ்டுகளிலும் தோற்றுத் திரும்பியது. மேற்கிந்திய அணி வலிமை மிக்கது என்பதை மறுக்க இயலாது. தலைமை மாறாதிருந்தாலும் நாம் தோற்றிருக்கலாம். ஆனால் தோல்வி வேறு, குழப்பம் வேறு. தோல்வியை ரசிகன் பொறுப்பான். குழப்பத்தைப் பொறுக்க வேண்டிய கடமை அவனுக்கு இல்லை.

அப்படியாயின் ரசிகனின் சினம் எப்பொழுதும் நேரியதா? இல்லை. மூன்று நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுக் காண்போம்.

1945இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியப் படைவீரர் அணியோடு நடந்த போட்டிக்கு முஷ்டாக் அலி தேர்வாகவில்லை. “முஷ்டாக் இல்லையேல் ஆட்டம் இல்லை” என்று மக்கள் திரண்டு முழங்கினர். தேர்வுக் குழுவில் இருந்த துலீப்சிங்ஜியைச் சூழ்ந்துகொண்டனர். முஷ்டாக் அணியில் சேர்க்கப்பட்டார். மக்கள் வென்றனர், எனினும் கூச்சலுக்குப் பணிந்து அணி அமைப்பது நல்ல முறை ஆகுமா?

1971இல் தேர்வுக் குழுத் தலைவர் விஜய் மெர்ச்சண்ட், தம் முடிவு வாக்கால், புகழ்பெற்ற பட்டோடிக்குப் பதிலாக அஜித் வாடேகரைத் தலைவராக்கினார். பலர் வியந்தனர், சிலர் வெகுண்டனர். அவ்வாண்டே மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியா முதன்முறையாகத் தொடரை வென்றது.

1974இல் அதே வாடேகரின் அணி இங்கிலாந்தில் மூன்று டெஸ்டுகளையும் இழந்தது. லார்ட்ஸ் மைதானத்தில் ஓர் இன்னிங்ஸில் 42 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 1971 வெற்றியின் நினைவாக இந்தூரில் எழுப்பிய பெரிய மட்டைச் சின்னத்தை மக்கள் சிதைத்தனர். வாடேகரின் வீட்டின்மீது கல்லும் வீசினர். வெற்றிக்கு மாலை சூட்டிய அதே கைதான் கல்லையும் எடுத்தது. அது நீதியன்று, வெறி.

இம்மூன்றும் நமக்கு உணர்த்துவது யாது? ரசிகன் சொல்லும் ஆளையே எடுக்க வேண்டும் என்பதன்று. ரசிகன் விரும்பும் வெற்றியைத் தந்தே தீர வேண்டும் என்பதுமன்று. அவனுக்கு உரியது ஒன்றே: காரணம். முடிவு செய்பவர் எந்த அளவுகோலால் முடிவு செய்தார், அதில் அவருக்குச் சொந்த ஆதாயம் உண்டா, தவறினால் அவரை மாற்ற வழி உண்டா? இவற்றை அறியும் உரிமையே அவனுடைய உரிமை.

அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் ஆட்டம் நமக்குக் கிரிக்கெட் போன்றது. அங்கே புரூக்ளின் மக்கள் தங்கள் டாட்ஜர்ஸ் அணியை உயிராகப் போற்றினர். உரிமையாளர் வால்டர் ஓமாலி, 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அவ்வணியை நாட்டின் மறுகோடியிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுசென்றார். அணி அவருடைய உடைமை. மக்களின் கண்ணீருக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

நம் நாட்டில் இக்கேள்வி வேறு வழியில் சென்றது. இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 1928இல் தோன்றியது. அது அரசுத் துறை அன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு சங்கமே. நம் ஊர் மன்றங்கள் பதிவாகும் அதே சட்டந்தான்! அரசமைப்புச் சட்டம் கூறும் ‘அரசு’ என்னும் சொல்லுக்குள் வாரியம் அடங்காது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் ஐ.பி.எல். போட்டிகளில் சூதாட்டக் குற்றச்சாட்டு வெடித்தது. அப்போது வாரியத்தின் தலைவராக இருந்தவரின் நிறுவனமே சென்னை அணியின் உரிமையாளராகவும் இருந்தது. மேற்பார்வை செய்பவரும் ஆட்டத்தில் பங்கு கொள்பவரும் ஒருவரே ஆகலாமா? தேர்வெழுதும் மாணவனே விடைத்தாளையும் திருத்தலாமா?

பீகார் கிரிக்கெட் சங்கம் நீதிமன்றத்தை அணுகியது. 2015 ஜனவரி 22ஆம் நாள், நீதிபதிகள் டி. எஸ். தாக்கூரும் நம் காரைக்குடியைச் சேர்ந்த கலிபுல்லாவும் வழங்கிய தீர்ப்பு நினைவில் கொள்ளத்தக்கது. வாரியம் அரசு அன்றாயினும் அது ஆற்றுவது பொதுப்பணி. ஆகவே நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டது என்றனர். நிர்வாகிகள் அணிகளில் வணிக ஆதாயம் பெறுவதற்கு இடமளித்த விதியையும் நீக்கினர். நீதிபதி லோதா குழு அவ்வாண்டு ஜூலையில் சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர்களை ஈராண்டுகளுக்கு விலக்கியது. 2016இலும் 2017இலும் சென்னை அணி இல்லை. குற்றம் அலுவலகத்தில், தண்டனையின் ஒரு பகுதி சேப்பாக்கத்துக் காலரியில் அமர்ந்த ரசிகனுக்கு! அவன் வருந்தினான், வெகுண்டான், காத்திருந்தான். 2018இல் அணி திரும்பி வந்து கோப்பையையும் வென்றது.

அதே 2018இல் நீதிமன்றம் ஒப்பிய புதிய அமைப்பு விதிகளின்படி, அமைச்சர்கள் பதவி வகித்தல் கூடாது. எழுபது வயது கடந்தவர் நீங்க வேண்டும். முன்னாள் வீரரும் வீராங்கனையும் உயர்மன்றத்தில் அமர வேண்டும். பதவிக் கால இடைவெளி பற்றிய விதி 2022இல் தளர்த்தப்பட்டது. 2025இல் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்ததால் குறை தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. உப்பளத்தில் வரப்பை ஒருமுறை கட்டிவிட்டால் போதாது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மீண்டும் கட்ட வேண்டும்.

கல்லெறிந்தவர்களால் வாரியத்தின் விதி ஒன்றும் மாறவில்லை. முறையாக எழுதிக் கேட்டு, சான்று காட்டி, ஆண்டுக்கணக்கில் விடாது நின்றவர்களால் மாறியது. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தையும் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வைத்தார். ஆளை ஆராய்ந்து தேர்தலும், ஆராய்ந்து பணியில் அமர்த்தலும் ஆட்சியின் கடமை என்பது நமக்குப் புதிய செய்தி அன்று.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் களத்தில் ஆடுவீர்கள். பலர் வெளியே நின்று பார்ப்பீர்கள். ஒரு சிலர் பெயர்ப் பட்டியலை எழுதும் இடத்தில் அமர்வீர்கள். அப்போது உங்கள் கதவைத் தட்டி ஒரு சிறுவன், “என்னை ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்பான். அதற்கு விடை சொல்ல முடியாத பட்டியலை எழுதாதீர்கள். மறு ஆண்டு நான் அந்தப் பையனை அழைத்தேன். உடற்பயிற்சி ஆசிரியரையும் அருகில் வைத்துக்கொண்டு, எல்லோரும் காணப் பந்து வீசச் சொன்னேன். அணியில் அவனுக்கு இடம் கிடைத்தது. இடம் கிடைக்காத மற்றொருவனுக்கு அன்று நானே காரணம் சொன்னேன். அவனும் தலை நிமிர்ந்தே சென்றான்.