கொல்லிமலைக்கு வந்த உதவி

கொல்லிமலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்று: வல்வில் ஓரி, ஆகாய கங்கை அருவி, 70 கொண்டை ஊசி வளைவுகள். சித்தர் கதைகளில் ஆர்வம் உள்ளவர்கள் அறப்பளீஸ்வரர் கோயிலையும் சேர்த்துக் கொள்வார்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த மலையில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், காய்ச்சல் வந்தால் யாரிடம் போனார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஏழை கிராமங்களுக்கு வெளியிலிருந்து வரும் உதவி எப்போது நிலைக்கும், எப்போது வீணாகும் என்று யோசிப்பவர்களுக்கு இந்த மலையின் வரலாறு ஒரு நல்ல பாடம்.

மலையும் மக்களும்

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை, 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்தது. மலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். (கேரள மலையாளிகள் அல்ல! மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள்.) வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று மலை பல நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் மேலே போக வண்டிப் பாதை கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும், முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிப் போக வேண்டும்.

மலைக்காய்ச்சல் என்று மக்கள் அழைத்த மலேரியா அங்கே நிரந்தரம். கீழ்நாட்டுக்காரர்கள் மலையேறத் தயங்கியதற்கு முக்கிய காரணமே அதுதான். டாக்டரும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது.

1913இல் ஒரு திருமணம்

இந்த மலைக்கு ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் வந்தார். 1907இல் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் இந்தியா வந்தவர். இவர் முழு மருத்துவர் அல்ல. லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மட்டும் வெப்பமண்டல நோய்களுக்கான பயிற்சி பெற்றவர். கட்டட வேலை தெரிந்தவர். 1913 ஆகஸ்டில் அவருக்கும் லண்டனைச் சேர்ந்த ஈவ்லின் ஹாரிஸுக்கும் திருமணம் நடந்தது. ஈவ்லின் வசதியான வியாபாரக் குடும்பத்துப் பெண், ஓவியம் கற்றவர். திருமணம் முடிந்த கையோடு இருவரும் மலையேறினார்கள். ஜெஸ்ஸி தன் கையாலேயே கட்டிய மர வீட்டில் குடித்தனம் தொடங்கியது.

1914 ஜூலையில் அவர்களுக்கு மகன் பால் பிறந்தான். சில நாட்களில் ஐரோப்பாவில் முதல் உலகப்போர் தொடங்கியது.

அவர்கள் செய்தது வைத்தியம் மட்டும் அல்ல. பல் பிடுங்கினார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள், ஆரஞ்சு போன்ற புதிய பயிர்களைக் கொண்டு வந்தார்கள். மலை மக்களுக்காக அரசாங்கத்துக்கு மனுவும் எழுதினார்கள்.

ஆனால் அவர்கள் வந்த நோக்கம் கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவது. அதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களும் மறைக்கவில்லை. மக்கள் மருந்தை வாங்கிக் கொண்டார்கள், மதத்தை வாங்கிக் கொள்ளவில்லை. ஆண்டுகள் பல ஓடியும் ஒருவர்கூட மதம் மாறவில்லை. உள்ளூர் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த எதிர்ப்பிலும் நியாயம் உண்டு. கேட்காமல் வந்த அந்நியர்கள் தன் மக்களின் சாமியை மாற்றச் சொன்னால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

போருக்குப் பின் வந்த காய்ச்சல்

1918இல் போர் முடியும் நேரத்தில் உலகம் முழுவதும் இன்ஃப்ளுயன்ஸா பரவியது. கப்பல்களில் திரும்பிய படைவீரர்களோடு பம்பாயில் இறங்கி, ரயில் பாதை வழியாக இந்தியா முழுவதும் சென்றது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போரில் இறந்த இந்திய வீரர்களைப் போல நூறு மடங்குக்கும் மேல்!

கொல்லிமலையையும் அது விடவில்லை. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டால் கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. காய்ச்சலால் இறந்தவர்களோடு, பசியாலும் தாகத்தாலும் இறந்தவர்களும் இருந்தார்கள். பிராண்ட் தம்பதியிடம் இந்தக் காய்ச்சலுக்கு மருந்து இல்லை, உலகத்தில் யாரிடமும் இல்லை. அதனால் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக எடுத்துப் போய் ஊட்டினார்கள்.

எதிர்த்து வந்த பூசாரிக்கும் அவர் மனைவிக்கும் காய்ச்சல் வந்தது. பயந்து யாரும் பக்கத்தில் போகவில்லை. பிராண்ட் தம்பதி போனார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தன் பெண் குழந்தையை வளர்க்கும்படி அவர்களிடமே ஒப்படைத்தார் என்று அந்தக் குடும்பத்தின் வரலாறு சொல்கிறது. அதன் பிறகுதான் மலை மக்கள் அவர்களைத் தங்களில் ஒருவராகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நரம்புச் சிலந்தி

அக்காலத்தில் கொல்லிமலையில் இன்னொரு கொடுமை நரம்புச் சிலந்தி நோய். படிக்கட்டு வைத்த கிணற்றில், குளத்தில் இருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சிகளில் இதன் புழு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகு ஓராண்டு வரை ஒன்றும் தெரியாது. பிறகு காலில் கொப்புளம் வரும். உடைந்தால் உள்ளே இருந்து நூல் போன்ற புழு தலை நீட்டும். நீளம் ஒரு மீட்டர் வரைகூட இருக்கும்! இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைத்தால் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை அதில் விடும். மறுபடி அதே சுற்று.

இதற்கு அன்றும் மருந்து இல்லை, இன்றும் இல்லை. ஆனால் தடுக்க வழி உண்டு. கிணற்றுக்குள் யாரும் கால் வைக்காதபடி சுவர் கட்டி, வாளியால் தண்ணீர் இறைத்தால் போதும். அல்லது துணியில் வடிகட்டிக் குடித்தால் போதும். புழுவைச் சுற்றி எடுப்பதோடு நிற்காமல், பிராண்ட் தம்பதி இதையும் ஊர் ஊராகச் சொன்னார்கள். சுவர் கட்டியவர்கள் ஊர் மக்கள்தான். கட்டியபின் அது அவர்களுடைய சுவர்.

இந்தியாவில் நரம்புச் சிலந்தியின் கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நோயற்ற நாடாக அறிவித்தது. அரசு பிற்பாடு நாடு முழுவதும் கையாண்டதும் இதே எளிய முறைகளைத்தான்.

தனியாக வந்த கிழவி

1923இல் பிள்ளைகளைப் படிக்க வைக்க இங்கிலாந்து அழைத்துப் போன பெற்றோர், அடுத்த ஆண்டு அவர்களை அங்கே விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். 1929 ஜூனில் மலேரியாவின் கொடிய வகையான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. தந்தி முதலில் போய்விட்டது. அவர் உயிரோடு இருந்தபோது மகனுக்கு எழுதிய கடிதம் கப்பலில் அதற்குப் பிறகுதான் லண்டன் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு உழைத்தவர்களின் பிள்ளைகள் கொடுத்த விலையும் கணக்கில் சேர வேண்டும் அல்லவா?

ஈவ்லின் மறுபடி இந்தியா வந்தார். ஆனால் மிஷன் அவரைக் கீழ்நாட்டிலேயே வைத்திருந்தது. 1947இல் 68 வயதானதும் ஓய்வு பெறச் சொன்னார்கள். அவரோ ஓய்வை வாங்கிக் கொண்டு, மிஷன் ஆதரவு இல்லாமல் சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கே ஏறிவிட்டார்! பிறகு கல்வராயன் மலை உள்பட வேறு மலைகளுக்கும் போனார். நடக்க முடியாதபோது மட்டக்குதிரையில் போனார், இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிப் போனார். 1974 டிசம்பரில் 95வது வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மகன் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப் போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்றார். 2003இல் காலமானார்.

இரண்டு வகை உதவி

இரண்டாம் உலகப்போருக்குப் பின் உதவி என்பது பெரிய அமைப்புகளின் வேலையாக மாறியது. போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு உணவுப் பொட்டலம் அனுப்ப 1945இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கேர்' அமைப்பு, 1960களில் தமிழ்நாட்டுப் பள்ளி மதிய உணவுக்கும் பொருள் கொடுத்தது. பல பிள்ளைகளின் பசி ஆறியது உண்மை. ஆனால் மூட்டையில் வரும் உதவி மூட்டை நின்றால் நின்றுவிடும்.

கொல்லிமலையில் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழியில் போனது. ஜவ்வரிசி ஆலைகளுக்காக மலையெங்கும் மரவள்ளிக்கிழங்கு பரவி, சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் குறைந்து கொண்டிருந்தன. சிறுதானியத்தைக் குத்திப் புடைப்பது பெண்களுக்குப் பெரும் பாடு. அந்த நிறுவனம் அரைவை இயந்திரம், விதை வங்கி, சுய உதவிக் குழு, விற்பனை என்று வேலை செய்தது. விதை மலை மக்களுடையது, அறிவும் அவர்களுடையது. வெளியிலிருந்து வந்தது கைத்தாங்கல் மட்டுமே.

கிணற்றுச் சுவரும் விதை வங்கியும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. கொடுத்தவர் போன பிறகு வாங்கியவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே உதவிக்கு அளவுகோல். கொடுத்தவரின் நோக்கத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் சுவர் கட்டிய கிணற்றில் தண்ணீர் குடித்த பிள்ளையின் காலில் புழு வரவில்லை!