தங்கம் தேடும் டிடெக்டர்: பெரிய காயில் மாட்டினால் பெரிய தங்கம் கிடைக்குமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலிருந்து வந்த ஒரு செய்தி உலகம் முழுக்க ஒரு சுற்று வந்தது. பொழுதுபோக்காகத் தங்கம் தேடப் போன ஒருவருக்கு 4.6 கிலோ எடையில் ஒரு பாறை கிடைத்தது. அதற்குள் இருந்த தங்கம் மட்டும் சுமார் 2.6 கிலோ. மதிப்பு 2 லட்சத்து 40 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். இத்தனைக்கும் அவர் கையில் இருந்தது விலை உச்சத்தில் இருக்கும் தங்க வேட்டைக் கருவி அல்ல. மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 800 என்ற நடுத்தர விலை மெட்டல் டிடெக்டர்.

இப்படி ஒரு செய்தி வந்தாலே இரண்டு விஷயங்கள் நடக்கும். கருவி இல்லாதவர்கள் கருவி வாங்கக் கிளம்புவார்கள். கருவி இருப்பவர்கள், "இன்னும் கொஞ்சம் பெரிய காயிலா மாட்டினா நமக்கும் மாட்டும்" என்று புதுக் காயில் தேட ஆரம்பிப்பார்கள். பணம் அதிகம் வீணாவது இந்த இரண்டாவது இடத்தில்தான். காரணம், பலரும் முதலில் பார்ப்பது எத்தனை இன்ச் என்பதை. முதலில் பார்க்க வேண்டியதோ, அந்தக் காயிலும் அந்தக் கருவியும் ஒத்துப்போகுமா என்பதை.

காயில் என்ன செய்கிறது?

டிடெக்டரின் அடியில் தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கிறதே, அதுதான் காயில். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் 'கம்பிச்சுருள்' என்று படித்தோமே, அதேதான். பிளாஸ்டிக் உறைக்குள் செம்புக் கம்பி பல சுற்று சுற்றப்பட்டிருக்கும். கருவி அதில் மின்சாரத்தைச் செலுத்தும்போது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் பரவுகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் உருவாக்கும் மிகச் சிறிய எதிரொலியைக் காயில் பிடித்துக் கருவிக்கு அனுப்புகிறது. ஹெட்போனில் கேட்கும் சத்தம் அதிலிருந்து வருவதுதான்.

தங்க வேட்டைக்கு இரண்டு வகைக் கருவிகள் பயன்படுகின்றன. ஒன்று விஎல்எஃப், இது இடைவிடாமல் அலையை அனுப்பிக்கொண்டே திரும்பி வருவதைக் கேட்கும். இன்னொன்று பல்ஸ் இண்டக்‌ஷன். இது ஒரு துடிப்பை அனுப்பி, சட்டென்று நிறுத்தி, பிறகு காது கொடுக்கும். அரிசிமணி அளவுத் தங்கத்தின் எதிரொலி சில மைக்ரோ விநாடிகளில் அடங்கிவிடும். அதற்குள் காயில் தன் சொந்த இரைச்சலை முடித்துக்கொண்டு அமைதியாகியிருக்க வேண்டும். காயில் பொருந்துமா என்ற கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிளக் பொருந்தினால் போதுமா?

போதாது. பிளக் சொருகுவது மேலே தெரியும் பாதி. மின் அளவுகள் உள்ளே இருக்கும் மீதிப் பாதி.

ஒவ்வொரு கருவியும் குறிப்பிட்ட தூண்டல் எண்ணும் மின்தடையும் கொண்ட காயிலை எதிர்பார்த்து வடிவமைக்கப்படுகிறது. பல்ஸ் கருவிகளின் மோனோ காயில்களில் இந்தத் தூண்டல் பெரும்பாலும் 300 மைக்ரோஹென்றியை ஒட்டி இருக்கும். அது ரொம்பக் குறைந்தால் கருவி தாங்கக்கூடியதைவிட அதிக மின்சாரம் பாயலாம், சர்க்யூட்டே பழுதாகலாம். கூடினால் காயில் அடங்கத் தாமதமாகும். சின்னத் தங்கத்தின் எதிரொலி அந்தத் தாமதத்தில் தொலைந்துபோகும். கருவி வேலை செய்வதுபோலவே இருக்கும், சத்தமும் வரும், தங்கம் மட்டும் கேட்காது. பழுதானால்கூட உடனே தெரிந்துவிடும். இது ஆறு மாதம் ஆனாலும் தெரியாது.

விஎல்எஃப் கருவியில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே காயில் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு ஏற்ப இசைவாக்கப்பட்டிருக்கும். உதாரணத்துக்கு ஃபிஷர் நிறுவனத்தின் கோல்ட் பக் 2 கருவி 71 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதே நிறுவனத்தின் கோல்ட் பக் ப்ரோ 19 கிலோஹெர்ட்ஸ். பெயர் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறதே என்று ஒன்றின் காயிலை வாங்கி இன்னொன்றில் மாட்டினால் வேலைக்கு ஆகாது.

பெயர்க் குழப்பம் மைன்லேப்பில் இன்னும் அதிகம். தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனத்தின் பல்ஸ் கருவிகள் 1990-களின் நடுவில் எஸ்டி வரிசையில் தொடங்கி, பிறகு ஜிபி, அதன்பின் ஜிபிஎக்ஸ் என்று வளர்ந்தன. எஸ்டி, ஜிபி, ஜிபிஎக்ஸ் 4000, 4500, 5000 ஆகியவை ஒரே 5-பின் பிளக் குடும்பம். அதனால்தான் இவற்றுக்குக் காயில்டெக், நக்கட் ஃபைண்டர் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்களின் காயில்கள் பல அளவுகளில் கிடைக்கின்றன. பழைய எஸ்டி வைத்திருப்பவரும் புதுக் காயில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் 2021-ல் வந்த ஜிபிஎக்ஸ் 6000 அந்தக் குடும்பத்தில் சேராது. முன்னொட்டு அதேதான்; பிளக்கும் வேறு, உள்ளே இருக்கும் மின்னணு அமைப்பும் வேறு. 5000-க்கு வாங்கி வைத்த காயில்கள் இதில் ஏறாது. கருவியை மட்டும் மாற்றலாம், காயில் பழையதே போதும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு விழும் அடி இதுதான்.

2015-ல் வெளியான ஜிபிஇசட் 7000 இன்னும் ஒரு படி கறார். அதன் காயிலுக்குள் அடையாளச் சிப் ஒன்று இருக்கிறது. அந்தச் சிப்பைப் பார்க்காமல் கருவி காயிலை ஏற்றுக்கொள்ளாது. இதைச் சமாளிக்க, ஒரிஜினல் காயிலின் வயரை வெட்டி, சிப் உள்ள துண்டை அடாப்டராக்கி, வேறு நிறுவனக் காயிலை இணைத்தவர்களும் உண்டு. விலை உயர்ந்த ஒரிஜினல் காயிலைப் பலி கொடுத்துச் செய்யும் வேலை இது. வாரண்டியும் அத்தோடு போச்சு. இப்போது நிறுவனத்தின் அனுமதியோடு தயாராகும் மாற்றுக் காயில்களும் இருப்பதால், வயர் வெட்டும் அளவுக்குப் போக வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது.

ஆகவே விற்பவரிடம் "இது ஜிபிஎக்ஸுக்கு செட் ஆகுமா?" என்று கேட்டால் பாதிக் கேள்விதான். மாடல் எண்ணை முழுதாகச் சொல்லி, அந்த எண் காயில் தயாரித்தவரின் பட்டியலில் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மோனோவா, டபுள் டி-யா?

பொருந்தும் காயில் எது என்று தெரிந்துவிட்டது. அடுத்து மண் பேச ஆரம்பிக்கும்.

மோனோ காயிலில் ஒரே சுற்றுதான் அனுப்பும் வேலையையும் கேட்கும் வேலையையும் செய்கிறது. ஆழமும் கூர்மையும் இதில் அதிகம். அதன் உணர்திறன் மண்ணுக்குள் கூம்பு போல இறங்கும். மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல். அதனால் காயிலை வீசும்போது ஒரு வீச்சின் பாதி அகலமாவது அடுத்த வீச்சோடு மேற்படிய வேண்டும். அவசரப்பட்டு நடப்பவர்கள் மேல்மண்ணை முழுதாகவும் அடிமண்ணைக் கோடு கோடாகவும்தான் தேடியிருப்பார்கள்.

டபுள் டி என்பது ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இரண்டு சுற்றுகள், முதுகோடு முதுகு லேசாக ஏறி உட்கார்ந்த அமைப்பு. ஒன்று அனுப்பும், மற்றது கேட்கும். ஆழத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மண்ணின் தொந்தரவைக் குறைக்கும்.

மண்ணுக்கு என்ன தொந்தரவு என்று கேட்கலாம். விக்டோரியாவில் 'தங்க முக்கோணம்' என்று அழைக்கப்படும் டனோலி, வெடர்பர்ன், டார்னகல்லா வட்டாரத்துச் செம்மண்ணில் இரும்புத் தாதுக்கள் அதிகம். மேக்னடைட், மேக்மைட் போன்றவை காயிலின் காந்தப்புலத்துக்குத் தாங்களே பதில் சொல்லும். இரும்புச் சத்து ஏறிய சில கற்கள் தங்கம் மாதிரியே சத்தம் எழுப்பும். தேடுபவர்கள் இவற்றைச் 'சூட்டுக் கற்கள்' என்கிறார்கள். தோண்டி எடுத்துப் பார்த்தால் கையில் வெறும் கல்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி, லியோனோரா பக்கம் போனால் உப்பு ஏரிகள். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மோனோ காயில், அதிலும் பெரிய மோனோ, அங்கே கத்திக்கொண்டே இருக்கும். ஜிபிஎக்ஸ் 4500, 5000 கருவிகளில் மோனோ, டபுள் டி, கேன்சல் என்று மூன்று நிலை சுவிட்ச் உண்டு. கேன்சல் நிலையில் உப்பின் சத்தமும் உயர் மின்னழுத்த வயர்களின் இரைச்சலும் அடங்கும், ஆழம் குறையும். இது டபுள் டி காயில் மாட்டினால்தான் உதவும். இந்தக் கருவிகளில் இரும்பை ஒதுக்கும் வசதியும் டபுள் டி காயிலோடுதான் வேலை செய்யும். 19-ஆம் நூற்றாண்டுச் சுரங்க முகாம்கள் இருந்த இடங்களில் தங்கத்தைவிட ஆணிதான் அதிகம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஜிபிஎக்ஸ் 6000 வாங்கும்போதே 11 இன்ச் மோனோவும் 14 இன்ச் டபுள் டி-யும் பெட்டியில் வருவதற்குக் காரணம் இதுதான். முதல் ஓராண்டுக்கு இந்த இரண்டுமே தாராளமாகப் போதும்.

சரி, எத்தனை இன்ச்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. காயில் அளவை இரட்டிப்பாக்கினால் ஆழமும் இரட்டிப்பாகும் என்று நினைப்பது இயல்பு. இயற்பியல் அப்படி இல்லை. காயிலிலிருந்து தூரம் போகப் போக காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. திரும்பி வரும் எதிரொலியும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் அடுக்கு. அதாவது காயிலின் அகலத்தோடு ஒப்பிட்டால் தொலைவில் இருக்கும் ஒரு சிறு துண்டு இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போனால், சிக்னல் கிட்டத்தட்ட 64-ல் ஒரு பங்காகச் சுருங்கும்.

பெரிய காயில், பெரிய துண்டு ஆழத்தில் கிடக்கும்போது கைகொடுக்கும். அதே காயில் அரை கிராம் துகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். புலம் பரந்து கிடப்பதால் சின்னத் துகளுக்குப் போதுமான பதில் கிடைக்காது. கூடவே அதிக மண்ணையும் பார்ப்பதால் மண்ணின் இரைச்சலும் அதிகம். சின்னக் காயில் இதற்கு நேர் எதிர். பாறை இடுக்கு, வேலியோரப் புதர், குப்பை நிறைந்த பழைய முகாம் என்று வந்தால் 14-க்கு 9 இன்ச் அல்லது அதைவிடச் சிறிய நீள்வட்டக் காயில் நுழையும் இடத்தில் 17 இன்ச் வட்டக் காயில் நுழையவே நுழையாது.

1980-ல் விக்டோரியாவின் கிங்கோவரில் கிடைத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டி 27.2 கிலோ. மெட்டல் டிடெக்டர் மூலம் கிடைத்த மிகப் பெரிய தங்கக் கட்டி என்று சொல்லப்படும் அது, புதைந்திருந்தது தரைக்குக் கீழே சுமார் 30 சென்டிமீட்டரில்தான். அந்த ஆழத்துக்கு ராட்சதக் காயில் தேவையே இல்லை. காயில் அந்த இடத்துக்கு மேலே போக வேண்டும், அவ்வளவுதான்.

எடையையும் மறக்கக் கூடாது. ஜிபிஇசட் 7000 சுமார் 3.3 கிலோ, ஜிபிஎக்ஸ் 6000 சுமார் 2.1 கிலோ. கம்பின் நுனியில் கூடும் ஒவ்வொரு 100 கிராமும் தோளில் பல மடங்காகத் தெரியும். மதியத்துக்குள் கை சோர்ந்து காயில் தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டால், பெரிய காயிலால் கிடைத்த ஆழம் அங்கேயே கழிந்துவிடும்.

விக்டோரியாவில் இதற்கெல்லாம் முன்பே 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். 10 ஆண்டு வரை செல்லும். தனியார் நிலத்தில் உரிமையாளர் ஒப்புதலும் தேவை.

பழைய காயில் வாங்குகிறீர்களா?

புதுக் காயிலின் விலை காரணமாகப் பலரும் செகண்ட் ஹேண்டுக்குப் போகிறார்கள். தவறில்லை, ஆனால் போலிகள் புழங்கும் சந்தை இது. மைன்லேப்பின் தாய் நிறுவனமான கோடனின் கணினிக்குள் ஹேக்கர்கள் புகுந்து டிடெக்டர் வடிவமைப்பைத் திருடியதும், சீனாவில் தயாரான போலிகள் ஆப்பிரிக்க நாடுகளில் விற்கப்பட்டதும் 2015-ல் செய்தியானது. தங்கத்தை நம்பி வயிறு கழுவும் சிறு சுரங்கத் தொழிலாளர்கள் வாங்கும் சந்தை அது. ஒரிஜினல் என்று நம்பி வாங்கியவருக்குப் போனது வெறும் பொழுதுபோக்குச் செலவு அல்ல, முதலீடு. வரிசை எண் இல்லாத, ஸ்டிக்கர் மட்டும் பளபளக்கும் காயிலை விலை எவ்வளவு குறைவு என்றாலும் தொடாமல் இருப்பது நல்லது.

வாங்கும் இடத்திலேயே சில சோதனைகள் செய்துவிடலாம். தங்கள் கருவியையே எடுத்துப் போய் மாட்டிப் பார்ப்பது முதல் வேலை. காயிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு வயரை மட்டும் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் மாறினால் உள்ளே வயர் நைந்திருக்கிறது. காயிலின் விளிம்பை உள்ளங்கையால் லேசாகத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கருவி அலறினால் சுற்று தளர்ந்திருக்கலாம். ஈரப் புல்லின் மேல் உரசும்போது இரைச்சல் வந்தால் உள்பூச்சுக் கவசம் போய்விட்டது என்று பொருள். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, விரிசலை மறைக்கத்தான் அது மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், மோதிரத்திலிருந்து உதிர்ந்த சிறு துண்டுத் தங்கமோ ஒரு சின்ன ஈயக் குண்டோ எடுத்து மண்ணில் ஒரு விரல் ஆழத்தில் புதைத்து, பழைய காயில், புதுக் காயில் இரண்டாலும் ஒரே செட்டிங்கில் வீசிப் பார்க்கலாம். காற்றில் பிடித்துப் பார்ப்பதில் பயனில்லை. எந்தக் காயிலும் காற்றில் நன்றாகத்தான் கேட்கும். காயில் மாற்றியதும் கருவியின் மண் சமன் அமைப்பை மறுபடி சரிசெய்த பிறகே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.