கடைமடைக்கு வந்த செய்தி

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குக் கடைமடை என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூர் அணையின் மதகு திறந்தபின் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் பிடிக்கும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு கிளையாறாகி, கிளையாறு வாய்க்காலாகி, கடைசியில் கடலோரத்து வயல் ஒன்றை நனைக்க வேண்டும். அந்தக் கடைசி வயலே கடைமடை. அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பது பத்திரிகைகளுக்குச் செய்தி. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதுதான் அங்கே உழுகிறவனுக்குச் செய்தி.

தண்ணீருக்கு மட்டுமன்றிச் செய்திக்கும் கடைமடை உண்டு. உலகத்தில் எங்கோ ஒருவர் அறிந்ததை, வரப்பில் நிற்கும் ஒருவர் அறியும் வரையில் அது செல்ல வேண்டிய தூரம் பெரிது. அந்தத் தூரத்தின் கடைசிப் பகுதியைக் கடப்பதற்காகக் கையடக்கக் கணினியையும் கைப்பேசியையும் ஒன்றோடொன்று பிணைத்துப் பார்த்த ஒரு காலம் இருந்தது. அது மிகச் சில ஆண்டுகளே நீடித்த காலம். ஆயினும் அதன் கதை மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று.

கதையின் தொடக்கம் வானொலியில் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் தொடங்கியது. 1960இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தில், அதாவது நாகப்பட்டினமும் திருவாரூரும் பிரியாதிருந்த பெரிய தஞ்சையில், தீவிர விவசாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்றது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் குறுவை நெல்லை அளித்தது. ஜப்பானிய இனம் ஒன்றையும் நம் நாட்டு இனம் ஒன்றையும் கலந்து உண்டாக்கிய அந்த நெல், ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வரும். அதை எப்படி நாற்று விடுவது, எப்போது உரமிடுவது என்று திருச்சி வானொலி நாள்தோறும் சொல்லிற்று. பஞ்சாயத்து வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து மக்கள் கேட்டார்கள், பயிரிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரேடியோ நெல்' என்பது. நெல்லுக்கு மாப்பிள்ளைச் சம்பா என்று பெயரிட்ட நாட்டில், வானொலிக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

ஆனால் வானொலிக்கு ஒரு குறை உண்டு. அது பேசும், கேளாது. வயலில் புகையான் விழுந்தால் பயிர் சில நாட்களில் தீய்ந்ததுபோல் ஆகிவிடும். நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி, அது போய்ச் சேர்ந்து, விவசாயப் பகுதியில் மறுமொழி வருவதற்குள் வைக்கோல்கூட மிஞ்சாது. மேலிருந்து கீழே வரும் வாய்க்கால் இருந்தது. கீழிருந்து மேலே செல்லும் வழி இல்லை.

1995ஆம் ஆண்டு இந்தியச் செய்தித்தொடர்பு வரலாற்றில் ஒரு விசேஷமான ஆண்டு. ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு சென்றது. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்டு 15ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் திறந்துவிட்டது. ஒரே மாதத்தில் பிறந்த இந்த இரண்டு குழந்தைகளும் நெடுநாள் வரை ஒன்றை ஒன்று அறியாமலே வளர்ந்தன. இணையம் தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்தது. கம்பி நகரத்தை நம்பியிருந்தது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடைகளின் பக்கத்தில் 'பிரவுசிங் சென்டர்'கள் தோன்றின. மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து மாணவர்கள் தேர்வு முடிவு பார்த்தார்கள். வயற்காட்டுக்குக் கம்பி போகவில்லை.

இதே காலத்தில் மேல்நாடுகளில் உள்ளங்கையில் அடங்கும் கணினிகள் வரத் தொடங்கின. 1996இல் பாம் பைலட் வந்தது. எழுதுகோல் போன்ற ஒரு குச்சியால் தொட்டு எழுதலாம். முகவரிகள், நாட்குறிப்பு, கணக்கு எல்லாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு வெளியுலகம் தெரியாது. கைப்பேசிக்கோ வெளியுலகம் தெரியும். ஆனால் அதன் சிறு திரையில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் படிக்க இயலாது. குருடனும் முடவனும் சேர்ந்து வழி நடந்த கதையை நீங்கள் அறிவீர்கள். இரண்டு கருவிகளையும் சேர்த்தால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் எழுந்தது.

சேர்ப்பதற்கு முதலில் ஒரு கம்பி. பிறகு அகச்சிவப்புக் கதிர். இரண்டு கருவிகளையும் மேசைமேல் முகத்துக்கு முகம் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒன்று சற்றே திரும்பினாலும் தொடர்பு அறுந்துவிடும். பேருந்தில் செல்லும்போது இதைச் செய்து பார்க்க முயன்றவர்களின் பொறுமை போற்றத்தக்கது. பின்னர் புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானலை வந்தது. கைப்பேசி சட்டைப்பையில் இருந்தபடியே கணினிக்குத் துணை செய்தது.

இணைந்தபின் நடந்தது என்ன? கணினி கைப்பேசிக்குக் கட்டளையிடும். அக்கட்டளைகள் 'ஏ.டி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். 'கவனி' என்பது அதன் பொருள். 1981இல் ஹேய்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் மோடத்துக்காக வகுத்த மொழி அது. பின்பு, *99# என்ற எண்ணை அழைக்கும்படி கணினி சொல்லும். அந்த எண்ணில் மனிதர் எவரும் இல்லை. எங்கும் மணி ஒலிப்பதும் இல்லை. 'இது பேச்சு அன்று, இணையத்துக்கு வழிவிடு' என்று கைப்பேசிக்கு அறிவிக்கும் சைகையே அது. சி.டி.எம்.ஏ. வகைக் கைப்பேசிகளில் இதற்கு #777 என்று இருந்தது. நம் நாட்டில் அந்நாளில் கணினி வைத்திருந்தோர் பலருக்கு இந்த எண்கள் வீட்டு எண்ணைப் போல் மனப்பாடம்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் கைப்பேசி வழியே இணையத்தை அடைவதென்றால், ஒரு பேச்சுத் தடத்தையே முழுவதும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் நொடிக்கு 9,600 பிட்டு. நூறு கிலோபைட்டு அளவுள்ள ஓர் இலையின் படத்தை அனுப்ப ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். நீங்கள் படித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் நிமிடக் கட்டணம் ஓடும். ஒருவர் வயலுக்காக வாய்க்கால் முழுவதையும் அடைத்துவிட்டு, அவர் வயல் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடும் வரையில் மற்றவர்கள் காத்திருப்பது போன்றது இது. ஜி.பி.ஆர்.எஸ். என்னும் முறை வந்ததும் இந்த நிலை மாறிற்று. செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி, இடம் கிடைத்தபோதெல்லாம் அனுப்பினார்கள். பலர் செய்தியும் ஒரே வழியில் கலந்து சென்று, சேருமிடத்தில் பிரிந்துகொண்டது. நேரத்துக்கு அன்றி, சென்ற பொட்டலங்களின் அளவுக்கே கட்டணம் விதிக்க முடிந்தது. என் கருத்தில், கருவி சிறுத்ததைக் காட்டிலும் இந்தக் கணக்கு மாறியதே பெரிய புரட்சி. ஏழையின் சட்டைப்பைக்கு இணையம் பொருந்தியது அதனால்தான்.

இந்தியாவிலும் சிலர் இதைச் சிந்தித்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சிலர், என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தாருடன் சேர்ந்து, சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை 2001இல் உருவாக்கிக் காட்டினார்கள். எளிமையும், குறைந்த விலையும், பல மொழி வழங்கும் ஆற்றலும் அதன் குறிக்கோள். ஒரு கிராமத்தார் அனைவரும் ஒரே கருவியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அவரவர் விவரம் அவரவர் கையிலுள்ள சிறு அட்டையில் இருக்கும். தொலைபேசியோடு பிணைத்து இணையம் காணவும் வழி இருந்தது. 2004இல் கடைக்கு வந்த அக்கருவி எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. விலை குறைந்துகொண்டே வந்த கைப்பேசி அதை முந்திவிட்டது. அதைத் தோல்வி என்று நான் எழுத மாட்டேன். நாட்டுமக்கள் மொழியில், எழுதப் படிக்கத் தெரியாதவனும் பயன்படுத்தக் கணினி வேண்டும் என்ற கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் அவர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையும் அக்காலத்தது. அதன் துணையால் மேலூர் வட்டாரத்துச் சிற்றூரில் நோய் கண்ட வெண்டைச் செடியின் படம் மதுரை வேளாண்மைக் கல்லூரிக்குச் சென்றது. மருந்து திரும்பி வந்தது. வானொலியால் ஆகாத காரியம் அது.

சோழநாட்டுக்கு இணையம் வானத்தின் வழியாக வந்தது என்று சொன்னால் மிகையாகாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்களை 2004 அக்டோபர் 18ஆம் நாள் பிரதமர் மன்மோகன் சிங் டில்லியிலிருந்து தொடங்கி வைத்தார். முதலில் அமைந்த இடங்களுள் ஒன்று திருவையாறு. தியாகராஜரின் சமாதி அமைந்த ஊரில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியே, சென்னையிலுள்ள வல்லுநரின் முகத்தைப் பார்த்து உழவர்கள் கேள்வி கேட்டார்கள். எனினும் அது ஒரு கட்டடம். அங்கே நடந்து வர வேண்டும். கடைமடை இன்னும் எஞ்சியிருந்தது.

அந்த எஞ்சிய தூரம் எவ்வளவு கொடியது என்பதை இரண்டே மாதத்தில் கடல் காட்டிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலிகொண்டது. சுமத்திராவில் நிலம் நடுங்கியது உலகத்துக்கு முன்பே தெரியும்; நம் கரைக்கு அலை வரச் சுமார் இரண்டு மணி நேரம் இருந்தது. செய்தி இருந்தது, வாய்க்கால் இல்லை. ஆனால் வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் வேறொன்று நடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். கடலின் நிலையை நாள்தோறும் அறிவிப்பதற்காக, மேற்சொன்ன ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தது. அதில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, சொன்னவுடன் நம்பத்தக்க பழக்கம். இம்மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கையடக்கக் கருவிகளில் நெடுங்காலம் தமிழ் கட்டம் கட்டமாகவே தெரிந்தது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் தமிழ் விசைப்பலகை ஒழுங்குபெற்றது. 2005இல் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி செய்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இவை இல்லாவிடில், 2018இல் அரசு வெளியிட்ட 'உழவன்' செயலி வேதாரணியத்து உழவருக்கு வெறும் பொம்மையாக இருந்திருக்கும்.

அதற்குள் கையடக்கக் கணினியும் கைப்பேசியும் ஒரே பொருளாகிவிட்டன. பிணைக்க வேண்டிய தேவை மறைந்தது போலத் தோன்றியது. ஆனால் பழைய உறவு வேறு உருவில் திரும்பி வந்தது. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு விலையின்றி மடிக்கணினி வழங்கிற்று. வீட்டில் இணையம் இல்லை. தந்தையின் கைப்பேசியில் இருந்தது. பழைய *99# செய்த வேலையை இப்போது 'ஹாட்ஸ்பாட்' செய்தது. 2020இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடியபோது, மொட்டை மாடியிலும் கோயில் மதிலோரத்திலும் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள் உங்கள் அண்ணன்மாரும் அக்காள்மாரும்தாம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஜி.பி. அளவு இணையத்தை அரசு இலவசமாக அளித்தது. அலை வராத ஊரில் அந்த அட்டைக்கு மதிப்பில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோபுரம் சாய்ந்தால் யாவும் சாயும் என்பதை அதற்கு முன்பே கண்டோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னை விழுந்தது, மின்கம்பங்கள் விழுந்தன, மின்சாரம் இழந்த கைப்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. கையில் கருவி இருந்தும், உயிரோடிருக்கிறோம் என்ற ஒரு வரியை உறவினருக்கு அனுப்ப வழியில்லாமல் மக்கள் தவித்தார்கள்.

இப்போது டெல்டாவின் எந்த ரேஷன் கடைக்குச் சென்றாலும் ஒரு கையடக்கக் கணினியைக் காணலாம். குடும்ப அட்டையை அதில் காட்டி, விரலைப் பதித்தால், அது கைப்பேசி அலை வழியே தலைமைக் கணினியைக் கேட்டு அரிசிக்கு அனுமதி பெறும். சென்ற ஐப்பசி மழையில் ஒரு சிற்றூர்க் கடையில் நான் நின்றிருந்தேன். அலை எட்டவில்லை. விற்பனையாளர் கருவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, குடைக்கு வெளியே கையை நீட்டி உயர்த்திப் பிடித்தார். வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர் அண்ணாந்து பார்த்து, "தண்ணி வந்துட்டுதா தம்பி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் கருவி ஒலித்தது. அவர் பையை விரித்தார்.