வீல்சேர் தள்ளித் தள்ளி தோள்பட்டை வலிக்குதா? வராமல் தடுப்பது எப்படி?

தோள்பட்டை வலி என்று போனால் டாக்டர் சொல்லும் முதல் விஷயம், "கைக்கு ரெஸ்ட் கொடுங்க" என்பதுதான். ஆனால், கையால் தள்ளும் வீல்சேரில் இருப்பவர்கள் எப்படி ரெஸ்ட் கொடுக்க முடியும்? கட்டிலில் இருந்து இறங்க, பாத்ரூம் போக, வேலைக்குக் கிளம்ப என எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு கைதான் கால். அதனால் வலி வராமல் பார்த்துக்கொள்வது ரொம்ப முக்கியம்.

ஏன் வலி வருகிறது?

இடுப்பு மூட்டு, ஆழமான கிண்ணத்துக்குள் இருக்கும் பந்து மாதிரி. உடல் எடையைத் தாங்கும். தோள் மூட்டு, சின்னத் தட்டின் மேல் இருக்கும் பந்து. எல்லா பக்கமும் சுழலும்; ஆனால் எடை தாங்க ஏற்றதல்ல. சுற்றியுள்ள தசைகளும் தசைநார்களும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. நொடிக்கு ஒரு முறை தள்ளினாலே 10 நிமிடத்தில் 600 முறை! தினமும் இப்படியே போனால் தேய்மானம் வரத்தானே செய்யும்?

வீல்சேர் செட்டிங் சரியா?

* தள்ளும் வளையத்தின் உச்சியில் கையை வைத்தால் மேல்கைக்கும் முன்கைக்கும் இடையே முழங்கையில் உள்ள கோணம் 100 முதல் 120 டிகிரி வரை இருக்க வேண்டும். சீட் உயரம் சரியா என்று பார்க்க இதுதான் ஈஸியான வழி.

* பின்சக்கரம் சற்று முன்னால் இருந்தால் தள்ளுவது சுலபம். ஆனால், அதிகமானால் வண்டி பின்பக்கம் சாயும். தெரபிஸ்ட் உதவியோடு மட்டும் மாற்றுங்கள்.

* எடை குறைந்த வீல்சேர் நல்லது. சென்னை ஐஐடி 2025-ல் அறிமுகம் செய்த 'ஒய்டி ஒன்' வெறும் 9 கிலோதான்.

* டயரில் காற்று குறைந்தால் தோளுக்குத்தான் வேலை கூடும். அடிக்கடி செக் பண்ணுங்க.

எப்படித் தள்ள வேண்டும்?

சின்னச் சின்னதாக, வேகவேகமாகத் தள்ள வேண்டாம். நீளமாக, சீராகத் தள்ளுங்கள். தள்ளி முடித்ததும் கையை வளையத்துக்குக் கீழே தளர்வாக இறக்கி, அப்படியே பின்னால் கொண்டு வாருங்கள்.

கட்டிலுக்கு மாறும்போது...

கட்டிலும் சீட்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். பிரேக் போட்ட பிறகே மாறுங்கள். ஊன்றும் கை உடலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாக மாறாமல், இரண்டு பக்கமும் பழகுங்கள். இடையில் வழுவழுப்பான பலகை வைத்து நகர்ந்தால் இன்னும் சுலபம்.

புண் வராமல் இருக்க பலர் கைகளை ஊன்றி உடலைத் தூக்குவார்கள். அதற்குப் பதில் முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்தாலே அழுத்தம் குறையும். விழாமல் சாய முதலில் தெரபிஸ்ட்டிடம் பழகுங்கள்.

உடற்பயிற்சி வேணுமா?

கண்டிப்பா வேணும். தள்ளித் தள்ளி நெஞ்சுப் பக்கத் தசைகள் இறுகும். முதுகுப் பக்கம் பலவீனமாகும். எலாஸ்டிக் பேண்டைப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சியும், நெஞ்சை விரிக்கும் ஸ்ட்ரெட்ச்சும் உதவும். வலிக்க வலிக்கச் செய்யக்கூடாது.

எப்போது டாக்டரைப் பார்ப்பது?

இரவில் தோள் வலித்தாலோ, கையைத் தூக்க முடியாவிட்டாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ தள்ளிப்போடாதீர்கள்.

குடும்பத்தினர் கவனத்துக்கு...

தினமும் எடுக்கும் பொருட்களை கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். வாசலில் சாய்தளம் கட்டினால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். செங்குத்தாகக் கட்டினால் ஏறும் ஒவ்வொரு முறையும் பாரம் தோளில்தான் விழும்.